வெண்டைக்காய் நறுக்கும்போது கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் காலையில் முதலில் வாயைத் திறப்பது விடைச்சொல்லிதான். அடுப்பு மேடைக்கு மேலே, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகலக் கருவி. மழை வருமா, பால் திரியுமா, அக்கா பிரிசில்லா ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், எதற்கும் பதில் சொல்லும். அது "தெரியாது" என்று சொல்லி என் முப்பத்துநான்கு வயதில் நான் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட காலத்தில் எனக்கு முனைவர் பட்ட ஆசை. விடை இருக்கிற விஷயத்தை ஆராய எந்தப் பல்கலைக்கழகமும் இடம் தராது. கேள்வி மன்றத்தில் நம் கேள்வியை வைக்க வேண்டும். உலகத்தின் பதில்கள் எல்லாம் சேர்ந்திருக்கும் விடையகத்தில் அதற்கு விடை இல்லையென்றால் வெள்ளைச் சீட்டும் ஆய்வு இடமும். இருந்தால் சிவப்புச் சீட்டு. ஒருவருக்கு ஆயுளுக்கும் நாற்பது கேள்விதான். ஆறு வருடத்தில் முப்பத்தெட்டு சிவப்புச் சீட்டு வாங்கியிருந்தேன். அக்கா அவற்றை மடித்து, ஆடுகிற கட்டில் காலுக்கு அண்டை கொடுத்திருந்தாள். அதற்காவது உதவியதே.

முப்பத்தொன்பதாவது கேள்வி நான் வேலை பார்க்கும் பழையகாயல் அலையாத்தி நாற்றங்காலில் கிடைத்தது. ஏழாம் பாத்தியில் மட்டும் கன்றுகள் வடக்கே சாய்ந்து வளர்கின்றன. ஏன்?

மன்றத்தின் அலுவலர் உலகம்மாள் மேடம், தேடும் இயந்திரம் தந்த சீட்டை நீட்டினார். சிவப்பு.

"விடை இருக்கும்மா. கடல்காத்துன்னு வருது."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மேடம், அந்தப் பாத்தியச் சுத்தி ஆளுயரச் சுவரு. காத்தே உள்ள வராது. உங்க மிஷின் வாய்க்கு வந்ததச் சொல்லுது."

"இந்த மிஷின் புதுசா ஒண்ணும் சொல்லாது. விடையகத்துல இருக்கறதத் தேடி எடுக்கும், அம்புட்டுதான்."

"அப்ப இந்தப் பதில அங்க யாரு போட்டா?"

சிவப்புச் சீட்டின் நிறத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம், எழுத்தைப் படிக்கிறவர் இல்லை. அன்று கோபத்தில் படித்தேன். அடியில் பதிவு நேரம் இருந்தது: நேற்று மாலை ஆறு இருபது.

நேற்று ஆறு இருபதுக்கு நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே விடைச்சொல்லியிடம் இந்தக் கேள்வியை ஒத்திகை பார்த்தேன். மன்றத்துக்கு வருகிற எல்லோரும் முந்தின நாள் செய்வதுதான். அது தயங்காமல் "கடல்காற்று" என்றது. சொன்னதோடு, அதை விடையகத்தில் விடையென்று பதிந்தும் வைத்துவிட்டது.

அங்கிருந்தே அக்காவைப் போனில் அழைத்தேன்.

"கட்டில் காலுக்கு அடியில இருக்க சீட்டையெல்லாம் எடுத்து, அடியில தேதி வாசிக்கா."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா? கட்டில் ஆடும்லா!"

"ஆடட்டும். வாசி."

முனகிக்கொண்டே வாசித்தாள். முப்பத்தெட்டில் முப்பத்தொன்று, நான் மன்றத்துக்குப் போனதற்கு முந்தின நாள் பதிவானவை. ஆறு வருடமாக என் வழியை நானே அடைத்திருக்கிறேன். அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை.

"கடைசிக் கேள்விய இப்பவே வைக்கேன் மேடம்."

"வீட்டுல ஒருக்கா பாத்துட்டு வரலாமேம்மா? ஒண்ணுதான் பாக்கி."

"வீட்டுலயா? ஜென்மத்துக்கும் மாட்டேன்."

இயந்திரத்தின் கண்ணாடியில் விரலால் எழுதினேன்: விடையகத்தில் இருக்கும் பதில்களில் எத்தனையை ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்த்து, சரி என்று சொல்லியிருக்கிறார்?

இயந்திரம் தேடியது. எப்போதும் தும்மல் நேரத்தில் சீட்டைத் துப்புகிற இயந்திரம், நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை தேடியது. பிறகு வெள்ளைச் சீட்டு வந்தது. பல வருடமாகத் தொடாத மை காய்ந்துபோய், எழுத்துகள் பாதிதான் விழுந்திருந்தன. அந்தப் பாதி போதும்: விடை இல்லை. ஆய்வு இடம் வழங்கப்படுகிறது.

முத்திரை குத்தப் போன உலகம்மாள் மேடம் நிறுத்திவிட்டார்.

"எங்கேருந்தும்மா ஆரம்பிப்ப?"

"ஏழாம் பாத்தி. அந்தச் சுவர் பக்கம் நாள் முழுக்க உக்காந்து பாக்கப் போறேன்."

முத்திரையைக் குத்தினார். பிறகு மேசையின் அடி இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து வைத்தார். எல்லாம் சிவப்பு. நிறம் மங்கி, பழசாகிப்போன நாற்பது சீட்டுகள்.

"நாப்பதும் போச்சுன்னுதான் இந்த நாற்காலிக்கு வந்தேன்" என்றார். மேல் சீட்டின் தேதியை இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர்போலக் குனிந்து பார்த்தார். "இதுவும் முந்தின நாளுதான்" என்று முனகினார்.

"ஆத்துத் தண்ணியில பருப்பு சட்டுனு குழையுது, எங்க கிணத்துத் தண்ணியில குழையல, ஏன்னு கேட்டிருந்தேன். தண்ணியோட மென்மைதான் காரணம்னு பதில் வந்துச்சு. எங்க கிணறு ஆத்தவிட மென்மைம்மா. நான் அளந்தே பாத்திருக்கேன்."

சீட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏழாம் பாத்தி முடிஞ்சதும் எங்க ஊருக்கு வாரியா?"

"வாரேன் மேடம். ஆனா பருப்ப நீங்கதான் வேகவைக்கணும்."