பதினெட்டாவது தொப்பி

ஹத்தா மலைக்குப் போன பஸ்ஸில் பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் பஸ் நின்றது. கிளம்பும் முன்பு நாகலிங்கம் அங்கிள் முன்னால் நின்று எண்ணினார். பதினெட்டு. பஸ் புறப்பட்டது.

ஆனால் வருண் பஸ்ஸில் இல்லை.

அவன் பங்க்கின் பின்பக்கம் நின்று, கார் கழுவும் இயந்திரத்தின் பெரிய தூரிகைகள் சுற்றுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கடை வைத்திருந்த கௌஸ் முகைதீன் பாய்தான் அவனுக்கு ஜூஸ் கொடுத்து, அவன் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்துப் போன் செய்தார். பஸ் திரும்பி வந்து அவனை ஏற்றிக்கொண்டது.

பதினெட்டில் ஒருவன் குறைந்தால் பதினேழுதானே வரவேண்டும்? எப்படிப் பதினெட்டு வந்தது? பத்து வயது மஹதி எவ்வளவோ யோசித்தும் பிடிபடவில்லை.

அவர்கள் எல்லாரும் துபாயில் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள். குளிர்காலத்தில் பெற்றோர்கள் சேர்ந்து பஸ் பிடித்துப் பிள்ளைகளை வெளியே அனுப்புவார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி உண்டு. நாகலிங்கம் அங்கிள்தான் தலைவர்.

அடுத்த பயணம் புஜைராவுக்கு. ஒரு நாள் மாலை லிஃப்ட் அருகே அங்கிள் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை வருண் வேண்டாம். நான் எண்ணின பிறகு இறங்கிப் போயிருக்கான். ரிஸ்க்கு."

"நான் இறங்கவே இல்ல அங்கிள். நான் ஏறவே இல்ல" என்றான் வருண் மெல்ல.

"அப்போ பதினெட்டு எப்படி வந்துச்சு? இருபது வருஷமா கட்டட சைட்ல ஆள் எண்ணுறேன் தம்பி. ஆயிரம் பேரு கேம்ப் பஸ்ல ஏறுவாங்க. ஹெல்மெட்டைப் பார்த்து டக்கு டக்குன்னு எண்ணிடுவேன். என் கணக்கு தப்பாது."

புஜைராவில் பெரிய கப்பல்களைப் பார்ப்பதற்காக அவன் பைனாகுலரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான்.

"அப்போ நானும் வரல" என்றாள் மஹதி.

"மஹதி, அடம் பிடிக்காதம்மா."

"அடம்தான் அங்கிள். அவன் பொய் சொல்ல மாட்டான். கணக்குலதான் ஏதோ தப்பு. நான் கண்டுபிடிப்பேன்."

மஹதி நேரே ஏழாம் மாடிக்குப் போனாள். அங்கே அவள் தோழி ஷிரா இருந்தாள். ஷிராவின் வீட்டார் யூதர்கள். அப்பாவின் வேலைக்காகத் துபாய் வந்தவர்கள். தோழிகள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் கேட்ட ஷிரா சொன்னாள்: "எங்க வீட்ல ஆளுங்களை ஒன்னு, ரெண்டுன்னு எண்ண மாட்டோம்."

"ஏன்?"

"ஆள் நம்பர் இல்லையே! சில பிரார்த்தனையை ஆரம்பிக்கப் பெரியவங்க பத்துப் பேர் வேணும். பத்துச் சொல் இருக்கற ஒரு வரியை அப்பா சொல்லுவார். ஆளுக்கு ஒரு சொல். கடைசிச் சொல் மிஞ்சினா இன்னும் ஒருத்தர் வரலைன்னு அர்த்தம்."

"அதுவும் எண்ணறதுதானே? சும்மா சுத்தி வளைக்கறீங்க."

ஷிரா சிரித்தாள். "நானும் அப்பாகிட்ட அதையே கேட்டேன். இந்த மஞ்சள் தொப்பியெல்லாம் ஒரே மெஷின்ல செஞ்சது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. மனுஷங்களும் ஒரே அச்சுல வந்தவங்கதான், ஆனா ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் இல்லைன்னார். அதனால ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துத்தான் அந்தச் சொல்லைச் சொல்லுவார்."

"பத்தாவது ஆள் லேட்டா வந்தா?"

"எல்லாரும் காத்திருப்போம். திட்டவே மாட்டோம். அவர் வந்தாத்தானே ஆரம்பிக்க முடியும்! எங்கள்ல எல்லாரும் எல்லாருக்கும் பொறுப்பு."

மஹதி எழுந்து நின்றாள். முகம். தொப்பி. ஹெல்மெட்.

அவள் வருணின் வீட்டுக்கு ஓடினாள். "வருண்! அன்னிக்கு பங்க்ல இறங்கும்போது உன் தொப்பி எங்க இருந்துச்சு?"

வருண் யோசித்தான். "கடைசி சீட்ல என் பக்கத்துல பெரிய தண்ணி கேன் இருந்துச்சுல்ல? அது மேல வெயில் பட்டுச்சு. தண்ணி சூடாயிடுமேன்னு என் தொப்பியை அதுக்குப் போட்டேன்."

மஹதி விழுந்து விழுந்து சிரித்தாள்.

புஜைரா கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை காலை. பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினார்கள். மஹதி கடைசி இருக்கைக்குப் போய் ஏதோ செய்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வரலைன்ன, வந்துட்ட?" என்றார் அங்கிள்.

"ஒரு தடவை எண்ணுங்க அங்கிள். நீங்க எண்ணினதும் இறங்கறதா இல்லையான்னு சொல்றேன்."

அங்கிள் விரலை நீட்டி டக்கு டக்கென்று எண்ணினார். "பதினேழுதான் வரணும்... பதினெட்டு?" மறுபடி எண்ணினார். "பதினெட்டு!"

"வருண் எங்க இருக்கான், பாருங்க."

ஜன்னலுக்கு வெளியே, நடைபாதையில், பைனாகுலரோடு வருண் நின்றுகொண்டிருந்தான்.

அங்கிள் வேகமாகக் கடைசி இருக்கைக்குப் போனார். அங்கே மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது தண்ணீர் கேன்.

பஸ்ஸே சிரிப்பில் குலுங்கியது. "அங்கிள், அதுக்கு ஜூஸ் குடுங்க!" என்று கத்தினாள் ஹிஃப்ஸா.

அங்கிள் தொப்பியை எடுத்தார். பிறகு படியில் இறங்கிப் போய் வருணின் தலையில் மாட்டினார். "மன்னிச்சிடு தம்பி. ஏறு. இனிமே கேனை டிக்கியில வெச்சிடலாம். அதோட முடிஞ்சுது, கலாஸ்."

"கலாஸ் இல்ல அங்கிள்" என்றாள் மஹதி. "கேன் போனா பை வரும், பை போனா வேற ஏதாவது வரும். எண்ணறதையே மாத்தணும்."

"எப்படி?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆள். பஸ் கிளம்பறதுக்கு முன்னாடி அவங்கவங்க ஆளோட முகத்தைப் பார்த்துப் பேரைச் சொல்லணும். என் ஆள் ஷிரா. ஷிராவோட ஆள் ஹிஃப்ஸா. இப்படியே போய், கடைசி ஆளோட ஆள் நான். வளையம் மாதிரி."

"சரி. ஆனா வருணுக்கு எதுக்கு ஆள்? அவனைத் தேடவே ஒரு ஆள் வேணும்."

"அவனும் வளையத்துல இருக்கணும். இல்லேன்னா வளையமே இல்லை" என்றாள் மஹதி விடாமல்.

அங்கிள் கையை விரித்தார். "அப்போ என்னையும் சேர்த்தே பார்த்துக்கட்டும்!"

"சரி அங்கிள்" என்றான் வருண். அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

புஜைராவில் கடலைப் பார்த்தார்கள். எண்ணெய்க் கப்பல்களைப் பார்த்தார்கள். எந்தக் கப்பல் காலியாக இருக்கிறது, எது நிறைந்திருக்கிறது என்று வருண் எல்லாருக்கும் விளக்கினான். நிறைந்த கப்பல் தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்திருக்கும். காலிக் கப்பல் உயரமாகத் தெரியும்.

திரும்பும் வழியில் அதே பெட்ரோல் பங்க். எல்லாரும் இறங்கி, எல்லாரும் ஏறினார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"ஷிரா!" "ஹிஃப்ஸா!" "மஹதி!"

துணைக்கு வந்திருந்த ஜலஜா ஆண்ட்டி பின்னால் திரும்பிப் பார்த்தார். "பிள்ளைங்க எல்லாரும் வந்தாச்சு. டிரைவர் பாய், யல்லா, கிளம்பலாம்!"

பஸ் நகர்ந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினான் வருண். "என் ஆள் வரல!"

பஸ் நின்றது. எல்லாரும் முன் இருக்கையைப் பார்த்தார்கள். காலி.

கௌஸ் முகைதீன் பாயின் கடையிலிருந்து, ஒரு கையில் டீ, ஒரு கையில் சமோசாவோடு, நாகலிங்கம் அங்கிள் ஓடி வந்துகொண்டிருந்தார். டீ பாதி சட்டையில் இருந்தது.

"என்னை விட்டுட்டுப் போகப் பார்த்தீங்களா?"

"இல்ல அங்கிள்" என்றான் வருண். அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "நாகலிங்கம் அங்கிள்!" என்று உரக்கச் சொன்னான்.

அங்கிள் சமோசாவை அவனிடமே கொடுத்துவிட்டார்.

இப்போது அந்தப் பஸ்ஸில் யாரும் தலைகளை எண்ணுவதில்லை. எல்லாரும் அவரவர் ஆளின் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்கிறார்கள். கடைசிப் பெயரும் வந்த பிறகுதான் கதவு மூடுகிறது.