இரண்டாவது திரை

மேசையில் இருந்தது ஒரே ஒரு திரை. கணினியோ இரண்டு என்று காட்டியது.

நிஷாந்தி எட்டிப் பின்பக்கம் பார்த்தாள். அண்ணனின் தோழன் கிஷாந்த் அனுப்பிய கிராஃபிக்ஸ் கார்டில் எந்தத் திரை வயரும் செருகப்பட்டிருக்கவில்லை. அவள் செய்யும் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலைக்கு உதவுமென்று மாட்டி, காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டு. காற்றாடி சுற்றியது, படம் வரவில்லை. பவர் சப்ளையை மாற்றினாள், பயோஸைப் புதுப்பித்தாள், அலுத்துப்போய்த் திரையின் வயரை மதர்போர்டிலேயே செருகியபோதுதான் வெளிச்சம் வந்தது. அப்படியானால் அந்தக் கார்டு யாருக்குப் படம் காட்டிக்கொண்டிருக்கிறது?

கந்தப்பளையில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. கொழுந்து பறிக்கப் போன அம்மா இன்னும் திரும்பவில்லை. பக்கத்துக் காம்பராவின் அடுப்புப் புகைக்கு நடுவே, புதிதாக வெட்டிய ஈரமண்ணின் வாசம் கணினிக்குள்ளிருந்து வந்தது.

பொருந்தாத கார்டோ என்று கணினியை அணைத்து, அதைக் கழற்றி, மாடல் எண்ணைத் தேடினாள். கார்டுக்கு யாரோ மாட்டியிருந்த புது மூடிக்கு அடியில், தகட்டின் மூலையில், சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு ஒன்று.

அடையாளத்துக்கு அவள் வைத்த பொட்டு.

அவளுடைய அண்ணன் தர்ஷன் பாகம் பாகமாகச் சேர்த்து ஆசையாகக் கட்டிய கணினி இது. சாவதற்கு முதல்நாள் ஆஸ்பத்திரியில் அவன் கேட்டது ஒன்றுதான். "அந்தக் கார்ட மட்டும் எங்கூட அனுப்பிரு. யாருக்கும் குடுத்துறாத." சத்தியம் செய்தாள். ஆனால் பெண்கள் லயத்து முனையோடு திரும்பிவிட வேண்டும். குழிவரை போவது ஆண்கள்தான். அதனால் அண்ணனின் உயிர்த் தோழன் கிஷாந்தின் கையில் கொடுத்து, சவப்பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். நெஞ்சுமேலேயே வைத்ததாக அழுதுகொண்டே வந்து சொன்னான், பாவி.

போன் எடுத்தாள்.

"அண்ணே, இது எங்க அண்ணனோட கார்டு."

கிஷாந்த் குரலைத் தாழ்த்தினான்.

"மண்ணுக்குள்ள வீணாத்தானே போகும் தங்கச்சி... ஒரு வருசம் நாந்தான் வச்சிருந்தேன். இப்ப எனக்குப் புதுசு வந்திருச்சு, அதான் ஒனக்கே..."

"வச்சேன்னு அழுதீங்களே!"

போன் துண்டிக்கப்பட்டது. அண்ணன் வெறுங்கையோடு போயிருக்கிறான். ஒரு வருடமாக வெறுங்கையோடு கிடக்கிறான்.

கணினி தானாக எழுந்தது.

கார்டு அவள் மடியில். திரைகள்: இரண்டு.

மவுஸ் அம்பு வலப்பக்க ஓரம்வரை போய் மறைந்தது. திரும்பி வந்தது. எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. மெதுவாக. கறுப்பு. பலகை. அடக்கத்தன்று அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. நெஞ்சின்மேல் துழாவும் இரண்டு கைகள்.

பிளக்கைப் பிடுங்கினாள். காற்றாடி நின்றது. படம் நிற்கவில்லை.

கைகள் ஓய்ந்தன. முகம் திரும்பியது. அவள் மடியைப் பார்த்தது. பிறகு அவளை.

"நான் இல்லண்ணே. சத்தியமா நான் இல்ல."

தர்ஷன் நம்பவில்லை. வாயோரம் மண் உதிர, அவளையே பார்த்தபடி, உள்ளங்கையை விரித்து நீட்டினான்.