தலைமாட்டுக் கத்தி

மடக்கித்தான் பையில் போட்டார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உச்சிவேளையில் சட்டைப் பைக்குள் கையை விட்ட ஆவுடையப்பன் சாருக்கு நடுவிரல் நுனியில் சுரீரென்று குத்தியது. எடுத்துப் பார்த்தால் கத்தி வாயைப் பிளந்துகொண்டு முழுசாக விரிந்து கிடக்கிறது.

ஒருநாள் என்றால் வயசாகிவிட்டது, கை மறந்துவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது ஐந்தாவது நாள். இன்றைக்குக் காலையில் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றியல்லவா வைத்திருந்தார்? ரப்பர் பேண்டு அறுபடவில்லை. பையின் அடியில் தனியாகச் சுருண்டு கிடந்தது. விரலைச் சப்பிக்கொண்டே கத்தியை மடக்கினார். அதிலிருந்து தாய்ப்பால் வாடை வந்தது.

மகள் பிருந்தா ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வீட்டுக்கு வந்தும் அன்றோடு ஐந்து நாள். வீடு முழுக்கப் பால், சாம்பிராணி, பிள்ளை பெற்றவளுக்கு இடித்த காயமருந்து வாடைதான். அதுதான் கத்தியிலும் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டாரே ஒழிய நம்பவில்லை. இந்த வாடை ஐப்பசியிலிருந்தே அதில் இருக்கிறது.

மடக்குக் கத்தி என்றால் அவருக்குப் பைத்தியம். பழைய கத்தியாக இருக்க வேண்டும், ஒரு ஆள் கையில் இருந்து பிடி வழவழத்திருக்க வேண்டும். கருங்காலிப் பிடி, மாட்டுக்கொம்புப் பிடி, வெற்றிலைச் செல்லத்தில் கிடந்த குட்டிப் பாக்குக் கத்தி என்று நாற்பத்து மூன்று சேர்த்துவிட்டார். பீரோவின் கீழ் இழுப்பறையில் துணி விரித்துப் படுக்கவைத்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ரயிலேறும்போது தினம் ஒன்று பையில் போகும். மத்தியானம் ஆசிரியர் அறையில் கொய்யாக்காய் நறுக்கும்போது கூட வேலை பார்க்கிற ஐயம்பெருமாள் சிரிப்பார். “சார்வாள்கிட்ட பாத்துப் பேசுங்க வே, மடியில ஆயுதம் இருக்கு!” அந்தப் பேச்சில் ஆவுடையப்பனுக்கு உள்ளூர ஒரு பெருமை.

பெருமையாம் பெருமை. ஐப்பசியில் அதுதான் நாறிப்போயிற்று.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீடுவீடாகப் போகச் சொல்லியிருந்தார்கள். மணிமுத்தாறு போகிற வழியில் ஆற்றையொட்டி ஒரு தெருவின் கடைசி வீடு. மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. புருஷன் இசக்கி செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டான். உள்ளே முப்பிடாதி என்கிற சின்னப் பெண், பக்கத்தில் எட்டு நாள் ஆண்குழந்தை. பாயின் தலைமாட்டில் ஒரு கத்தி. பனஞ்சிராய்ப் பிடி, இரண்டு பித்தளை ஆணி, அதில் ஒன்று தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. அந்த மாதிரி ஒன்று அவரிடம் இல்லை.

“அதத் தருவியாம்மா? என்ன வேணும்னாலும் கேளு.”

“அய்யோ சார்வாள், அது பிள்ளைக்குக் காவல்லா? நாப்பது நாளு எடுக்கவே கூடாது. இரும்ப எடுத்தா காத்துக்கருப்பு அண்டிரும்னு சொல்லுவாவ.”

சரி சரி என்று சிரித்துவிட்டு எழுதினார். எழுதி முடித்ததும், “குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?” என்று கேட்டார். அவருக்குத் தாகம் இல்லை.

“இந்தா கொண்டாரேன். பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க சார்வாள்” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு பைய எழுந்து போனாள்.

அவள் கொண்டுவந்த தண்ணீரை முழுசாகக் குடித்தார். பையில் கத்தி இருந்தது.

ஒன்பது நாள் கழித்து ஐயம்பெருமாள் சொன்னார். “உம்ம ஏரியாவுல ஆத்தங்கரைத் தெருவுல ஒரு பச்சப்பிள்ள போயிட்டாம் வே. பால் புரையேறியிருக்கு. பாவம்.” ஆவுடையப்பனின் கையிலிருந்த கொய்யாத்துண்டு கீழே விழுந்தது. புரையேறியதுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம் என்று அறிவியல் வாத்தியாரான அவர் அன்று முழுக்கத் தன்னிடமே பாடம் நடத்தினார். மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் இசக்கியே நின்றான். “சார்வாளா! நம்ம வீட்டுக்கு எழுத வந்தது நீங்கதானாமே. டீ குடிங்க” என்றான். “அவ இப்ப யாருகிட்டயும் பேசுததில்ல சார்வாள். பொழுதன்னைக்கும் ஆத்துக்குள்ள கால விட்டுட்டு உக்காந்திருக்கா. கத்தி எங்கன போச்சு, கத்தி எங்கன போச்சுன்னு அதே கேள்விதான்.” ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். பிள்ளையைப் பறிகொடுத்தவன் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டு, கத்தியைத் தொடக்கூடச் செய்யாமல், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். சீ, என்ன ஜென்மம்! வழியெல்லாம் வாய் கசந்தது.

அன்றிலிருந்து பையில் வேறு கத்தி கிடையாது, இது மட்டும்தான். இழுப்பறையில் வைத்தால் மனைவி பிரம்மநாயகி “இது ஏது புதுசா?” என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து இரண்டு மாதமாக நெஞ்சோடு சுமக்கிறார்.

பேரனைத் தொட்டிலில் போட்ட அன்றைக்கு அவள் வேறொன்று கேட்டாள். “நாப்பத்து மூணு வச்சிருக்கீங்கள்ளா, பிள்ளைக்கு அடியில வைக்க ஒண்ணு குடுங்க.” இருப்பதிலேயே நல்ல கொம்புப்பிடிக் கத்தியை எடுத்துத் தானே தொட்டிலுக்கு அடியில் வைத்தார். எங்கேயோ ஒரு வீட்டில் பாயின் தலைமாடு வெறுமையாகக் கிடந்தது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

“நான் பிருந்தாவுக்கு வேதுத்தண்ணி ஊத்திட்டு வந்திருதேன்” என்று இன்றைக்கு அவர் கத்தியை மடக்கிப் பையில் போடும்போதே பிரம்மநாயகி பின்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். “பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க!”

அந்த வார்த்தை அவரைச் சுருக்கென்று தைத்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பங்குனி வெயில். கரண்ட் இல்லை. நெல்லை டவுனில் அந்த நேரத்தில் தெருவே செத்துக் கிடக்கும், பழ வண்டிக்காரன்கூட வாயைத் திறக்க மாட்டான். நொச்சி இலை வெந்த வாடை பின்னாலிருந்து வந்தது, சொம்பு மோதும் சத்தமும் பிருந்தாவின் “சுடுதும்மா, பைய ஊத்து” என்ற சிணுங்கலும் கேட்டன, உத்தரத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில் கிறீச் கிறீச்சென்று தானாக மெல்ல அசைந்தது. பையில் டக்கென்று ஒரு சத்தம். கத்தி விரிந்துவிட்டது.

சாம்பிராணி வாடை போய்விட்டது. ஆற்று வாடை. பாசி, ஈரமண், ஊறிய துணி.

“சார்வாள்.”

வாசலில் முப்பிடாதி நின்றாள். பின்னால் வெயில் கூசியதால் முகம் இருட்டாகத் தெரிந்தது. இடுப்பில் ஒரு பிள்ளை, தலை மட்டும் வெளியே தெரிய முந்தானையால் போர்த்தியிருந்தாள். நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள்.

“எங்க வீட்டுக் கத்தியப் பாத்தியளா சார்வாள்?”

அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. வெட்கம். விலாசம் விசாரித்து வந்துவிட்டாளே! பின்கட்டில் மகள் இருக்கிறாள். மனைவி இருக்கிறாள். காதில் விழுந்தால்? பையில்தான் இருக்கிறது. எடுத்து நீட்டினால் போதும். ஒரே ஒரு வார்த்தை. என்னை மன்னிச்சிரு தாயி.

“பாக்கலையேம்மா” என்றார்.

அவள் அவர் பையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“சரி சார்வாள்.”

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. பிள்ளை! இடுப்பில் பிள்ளை இருக்கிறதே! அப்படியானால் சாகவில்லை. ஐயம்பெருமாள் எதையோ கேட்டுவிட்டு உளறியிருக்கிறார். டீக்கடையில் இசக்கிகூடப் பிள்ளை செத்தது என்று வாய்விட்டுச் சொல்லவில்லையே. அட கடவுளே, பிள்ளை பிழைத்துக் கிடக்கிறது! ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது அவருக்கு.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றாள்.

“இந்தா, இந்தா கொண்டாரேன்மா.”

ஓடினார். அடுக்களையில் பானையைச் சாய்த்தார். டம்ளர் நிறைந்தது. மோரே கொடுக்கலாமா என்றுகூட யோசித்தார். பிள்ளைக்கு இப்போது ஐந்து மாதம் ஆகியிருக்குமே. குப்புற விழுந்திருக்கும். தலை நின்றிருக்கும்.

தலை.

முந்தானைக்கு வெளியே தொங்கிய அந்தத் தலை. உரித்த சின்னத் தேங்காய் மாதிரி. எட்டு நாள் பிள்ளையின் தலை. வளரவே இல்லை.

தண்ணி கேட்டாள். தண்ணிதானே கேட்டாள்.

தண்ணிதானே அவரும் கேட்டார்.

டம்ளர் விழுந்தது. ஓடினார். வாசல் காலி. நிலைப்படியிலிருந்து தொட்டில் வரை ஈரக் கால்தடம். தொட்டிலிலிருந்து நிலைப்படி வரை ஈரக் கால்தடம். தொட்டிலுக்கடியில் கை விட்டுத் துழாவினார். கொம்புப்பிடிக் கத்தி இல்லை.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கனமாக. அடித்துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

“என்னப்பா சத்தம்?” தலையில் துண்டோடு பிருந்தா வந்தாள். தொட்டிலுக்குள் குனிந்தாள். “என் ராசா முழிச்சிட்டானா? அய்யோ, ஏம்ப்பா பிள்ள இப்படி நனைஞ்சு கிடக்கான்? உடம்பெல்லாம் சில்லுன்னு இருக்கு!” துணியோடு அள்ளி நெஞ்சில் சேர்த்து அணைத்து உட்கார்ந்தாள். “பசிக்குதா, பசிக்குதா என் தங்கத்துக்கு?”

தெருக்கோடியில் ஒரு பச்சைக்குழந்தை வீறிட்டது. ஐந்து நாளாக அவர் தூக்கத்தில்கூட அடையாளம் தெரிந்துகொண்ட குரல். ஆற்றுப் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போனது.

பிரம்மநாயகி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “யாரு பிள்ளைங்க அது, இந்த வெயில்ல இப்படி அழுதுகிட்டுப் போகுது? யாரும் வந்தாவளா?”

சொல்லிவிடலாம். இப்போது சொன்னாலும் ஓடிப் பிடித்துவிடலாம். கையில் கொடுத்துவிட்டுக் காலில் விழுந்துவிடலாம். ஆவுடையப்பனின் கை பைக்குள் போய் விரிந்த கத்தியை இறுக்கிப் பிடித்தது. உள்ளங்கை கிழிந்து சட்டை நனைந்தது.

“யாரும் வரலையே” என்றார்.

மகளின் மடியில் அது பால் குடிப்பதை நிறுத்தியது. தலையைத் திருப்பி, சேறு ஒட்டிய கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்தது.