அன்புவின் காலில் ஒட்டிய ஜெல்லி

ஷாரோனின் தம்பி அன்புவுக்கு ஐந்து வயது. பொறுமை என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை அப்பா டில்லிபாபு வேலை முடிந்து வந்து பைக்கை வாசலில் நிறுத்தியதும், ஒரு சுற்று போகலாம் என்று ஓடிவந்து தானாகவே ஏறப் பார்த்தான். சைலன்சர் கொதித்துக்கொண்டிருந்தது. அவனுடைய கெண்டைக்கால் அதில் பட்டுவிட்டது.

அவன் போட்ட கூச்சல் வடக்குப்பட்டில் பாதித் தெருவுக்குக் கேட்டது.

அப்பா புண்ணில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அவனை ஒரகடத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஷாரோனும் கூடவே போனாள். அங்கே நர்ஸ் அறிவுமதி புண்ணைச் சுத்தம் செய்து, கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய வில்லையை அதன்மேல் ஒட்டினார். ஓரத்தைத் தொட்டால் நுங்கு மாதிரி குளுகுளுவென்று இருந்தது.

அதற்கு ஹைட்ரோஜெல் என்று பெயராம். அதற்குள் இருக்கும் மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புண்ணில் இறங்குமாம். தானே அதைத் திங்கட்கிழமை பிரிப்பதாகவும், அதுவரை யாரும் கைவைக்கக் கூடாது என்றும் நர்ஸ் சொன்னார். காய்ச்சல் அடித்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, சுற்றிலும் சிவந்து பரவினாலோ மட்டும் உடனே வரவேண்டும்.

மறுநாள் அம்மா ஜோதிக்கும் அப்பாவுக்கும் காலை ஷிப்ட். அம்மா வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். மெஷின் லைனுக்குள் வேலைக்குப் போனால் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் பக்கத்து வீட்டு காஞ்சனா அத்தையிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஷாரோனிடம் தம்பியின் காலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மதியம்தான் வந்தது வினை. கண்ணாடி போல இருந்த வில்லை வெள்ளையாகி, உப்பிப்போய், பணியாரம் மாதிரி நின்றது.

அன்பு அதைப் பார்த்து மிரண்டுவிட்டான்.

“அக்கா, இது குண்டாகிக்கினே போவுது. என் காலைத் தின்னுது.”

சொல்லிக்கொண்டே ஒரு மூலையில் நகத்தை விட்டுக் கிளப்பினான். ஷாரோன் சட்டென்று அவன் கையைப் பிடித்தாள். அதற்குள் அந்த மூலை கொஞ்சம் பெயர்ந்துவிட்டது.

சாப்பாடு கொண்டுவந்த காஞ்சனா அத்தையும் அதைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

“உள்ளே சீழ் கட்டிக்கினு கீது போல. பிச்சி எடுத்துட்டு மஞ்சள் வச்சிடலாம்மா” என்றார்.

அத்தையின் போனில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். போன் அணைத்து வைத்திருந்தது. அப்பாவின் போனும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்கு அடித்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஷாரோன் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்தைக் கொடுக்க வேண்டிய வில்லை, புண்ணில் ஊறும் நீரைக் குடித்துக் குடித்துப் பெருத்துக்கொண்டே போகிறது போல. குடிக்கிற ஒன்று எப்படிக் கொடுக்கும்? பிரிக்காமல் விட்டு, அத்தை சொன்னதுபோல சீழாக இருந்துவிட்டால்? பிரித்துவிட்டு, அது தப்பாகப் போய்விட்டால்? எப்படி யோசித்தாலும் வலிக்கப்போவது அன்புவுக்குத்தான்.

அவள் தம்பியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு தன் நெற்றியிலும் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. குனிந்து காலை மோந்தாள். மருந்து வாடை மட்டும் வந்தது. வில்லையைச் சுற்றியும் சிவப்பு இல்லை.

“நர்ஸக்கா சொன்னது மூணும் இல்ல, அத்தை. அம்மா வர்ற வரைக்கும் விட்டுடலாம்.”

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் அன்பு சரி என்று சொல்லவில்லை. ஷாரோன் திரும்பும்போதெல்லாம் அவன் விரல் அந்த மூலைக்கே போனது. நாள் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியுமா?

அப்போதுதான் அலமாரியின் மேல்தட்டு அவளுக்கு ஞாபகம் வந்தது. குன்றத்தூர் திருவிழாவில் வாங்கிய ஜெல்லி உருண்டைகளில் கொஞ்சத்தை அவளுடைய தோழி சுவாதி கொடுத்திருந்தாள். கடுகு மாதிரி இருக்கும், தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டு அளவுக்குப் பெருத்துவிடும். அன்பு வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து என்று அம்மா அதை எட்டாத இடத்தில் வைத்திருந்தாள்.

அதுவும் குடித்துக் குண்டாகிற சாதிதானே? அது குடித்ததைக் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டால்?

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பேனா மையைக் கலந்து, உருண்டைகளைப் போட்டாள். மேலே ஒரு தட்டை வைத்து மூடினாள்.

“நீதான் இதுக்கு வாட்ச்மேன். ரெண்டு கையாலயும் பிடிச்சிக்கணும். கையை எடுத்தா வேலை போயிடும்” என்றாள்.

வாட்ச்மேன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு கையும் டம்ளரில் இருந்ததால் காலுக்குப் போக அவனிடம் கை இல்லை. ஷாரோன் பக்கத்தை விட்டு நகராமல் அவனுக்குக் கதை சொன்னாள். அவள் கதை தீர்ந்துபோனதும் அவன் சொன்னான். அவன் கதையில் எல்லோருக்கும் பைக் இருந்தது.

வெயில் தாழ்வதற்குள் உருண்டைகள் நீலமாகப் பெருத்துவிட்டன. ஷாரோன் அவற்றை அலசி, வேறு டம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றி அதில் போட்டாள். இருவரும் மூக்கு டம்ளரில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள்.

“ஒண்ணும் வரல” என்றான் அன்பு.

ஷாரோனுக்கும் மனசு கொஞ்சம் தளர்ந்தது. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஓர் உருண்டையைச் சுற்றி ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிய நீலம் எழும்பியது. பிறகு இன்னொன்றிலிருந்து. அவசரமே இல்லாமல் தண்ணீர் நிறம் மாறியது.

“அக்கா, குடுக்குது” என்றான் அன்பு, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

“உன் கால்ல இருக்கிறதும் இப்படித்தான் குடுக்குதுன்னு நினைக்கிறேன். மை இல்ல, மருந்து.”

அன்பு தன் காலைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். கையைத் தூக்கித் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

எட்டிப் பார்த்த காஞ்சனா அத்தை, டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து ஆச்சரியப்பட்டார். ஆனாலும் அம்மா வந்ததும் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னார். ஷாரோனும் அதையேதான் நினைத்திருந்தாள். ஜெல்லி உருண்டை வேறு, தம்பியின் கால் வேறு.

அம்மா வந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது நர்ஸே போனை எடுத்தார். வில்லை உப்பிப்போவது நல்லதுதான், பிரிக்காமல் விட்டதே சரி என்றார். ஷாரோன் அப்போதுதான் மூச்சை நிதானமாக விட்டாள்.

திங்கட்கிழமை நர்ஸ் அறிவுமதி வில்லையைப் பிரித்தார். அடியில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் வந்திருந்தது. ஒரு மூலை மட்டும் காய்ந்து சிவந்திருந்தது. இது யார் வேலை என்று நர்ஸ் கேட்டார். அன்பு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

ஷாரோன் தன் சந்தேகத்தைக் கேட்டாள். குடிக்கிறதும் கொடுக்கிறதும் ஒரே நேரத்தில் எப்படி?

“உள்ளே கண்ணுக்குத் தெரியாத வலை இருக்கு. நீர் குடிச்சு உப்பும்போது வலையோட ஓட்டையெல்லாம் பெருசாகும். அதுவழியாத்தான் மருந்து வெளியே வரும். அது குடிச்சாத்தான் குடுக்கும்மா” என்றார் நர்ஸ்.

பிறகு புது வில்லையை எடுத்து ஒட்டினார். அன்பு இந்தத் தடவை காலை இழுக்கவில்லை. நர்ஸ் கை கழுவப் போனதும், தலையை முட்டிவரைக்கும் தாழ்த்தி வில்லையிடம் ரகசியமாகச் சொன்னான்:

“நீ மெதுவாவே குடு. நான் உக்காந்துக்கினு இருக்கேன்.”