கனவில் நெய்த மருத்துவர்

கனவுக்கூடத்தில் பகலிலும் நிலா வெளிச்சம்தான். படுக்கைகளில் நோயாளிகள் உறங்க, தலைமாட்டில் நெய்வி என்ற எந்திரம் மெல்ல முனகிக்கொண்டிருக்கும். ஒரே குடிவழியில் ஒரே நோயைச் சுமப்பவர்கள் சேர்ந்து உறங்கினால் போதும். அவர்கள் பட்டதையும் அறிந்ததையும் இழையிழையாக எடுத்து, அந்த நோய்க்கென்றே ஒரு மருத்துவரை நெய்துவிடும். அவர் கனவுக்குள் வந்து வைத்தியம் சொல்வார். அரிய பரம்பரை நோய்க்கு மருத்துவர் தேடி ஊர் ஊராக அலைந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது.

கயற்கண்ணிக்கு மட்டும் அலைச்சல் ஓயவில்லை. மகள் இசைநிலாவின் ரத்தச் சிவப்பணுக்கள் தாமாகவே உடைந்துகொண்டிருந்தன. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. அடுத்த மழைக்காலத்தைப் பார்ப்பாளா என்பதே சந்தேகம்.

"உங்கள் குடிவழியில் இவர் ஒருவருக்குத்தான் நோய். ஒற்றை இழையில் நெய்ய இயலாது" என்று நெய்வி கைவிரித்துவிட்டது.

ஒருவருக்குத்தானாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பம் அது. உறவுக்குள்ளேயே பெண் கொடுத்தும் எடுத்தும் நோயை வளர்த்தார்கள். வெளியே தெரிந்தால் வரன் அமையாதென்று ஒருவரும் கனவுக்கூடத்தில் நோயைப் பதிவு செய்யவில்லை.

கயற்கண்ணி அண்ணன் மருதப்பனிடம் போய் நின்றாள்.

"உனக்கும் இருக்குன்னு எனக்குத் தெரியும். வந்து படுண்ணே."

"பயலுக்கு இப்பத்தான் ஒரு எடம் கூடி வருது, கண்ணு."

"எம் பொண்ணு செத்துப்போயிடுவாண்ணே."

மருதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் மறுநாள் பங்காளிகள் சிலரையும் கூட்டிக்கொண்டு, காதும் காதும் வைத்தமாதிரி கனவுக்கூடத்துக்கு வந்துவிட்டார். கயற்கண்ணி அழுதேவிட்டாள். அவளும் ஓர் இழையாக மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

கனவில் ஒரு மாந்தோப்பு, தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அசைந்தது. மரங்களுக்கிடையே மருத்துவர் அம்மாள் மிதந்து வந்தார். அவருக்கு மருதப்பனின் மூக்கு, யாரோ ஒரு அத்தையின் நெற்றி. இசைநிலாவின் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். எல்லாம் தெரிந்த விரல்கள். கயற்கண்ணியின் நெஞ்சு குளிர்ந்தது.

"சூட்டு உடம்பு, அவ்வளவுதான். இளநீர் குடுங்க."

"இல்லம்மா, இவ ரத்தம் உடையுது. உங்களுக்குத் தெரியும். மருந்தைச் சொல்லுங்க."

மருத்துவர் நாலாபக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, கயற்கண்ணியின் சொந்தக் குரலிலேயே சொன்னார்:

"மெதுவாப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா இந்தப் பொண்ண யாரு கட்டுவா?"