டீசல் வண்டியில் பெட்ரோல் வாசனை

ஓரெஸ்தே சவாரிக்கு ஓட்டும் தன் பச்சை செவர்லே காரை என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது எல்லாக் கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. எங்கள் கடலோர ஊரான கைபாரியெனின் ஆகஸ்டு வெயிலில் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டி வந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி நெரெய்தா மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"எலியோ, உள்ள பெட்ரோல் வாடை குடலைப் புரட்டுது. நேத்து சாந்தா கிளாரா போற வழியில ரெண்டு பேர் பாதியிலயே இறங்கிட்டாங்க. சுருட்டு பத்த வைக்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல," என்றான் ஓரெஸ்தே.

நான் சிரித்துவிட்டேன். "மச்சான், உன் வண்டி ஓடுறது டீசல்ல. இந்த ஊர்ல எவன்கிட்டயாவது பெட்ரோல் இருந்தா அதை உன் வண்டியிலயா ஊத்துவான்? மாமியாருக்குத் தெரியாம பெட்டியில வச்சுப் பூட்டுவான்."

அவன் சிரிக்கவில்லை. நெரெய்தாவும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் இந்த வண்டிகள் எல்லாம் எங்களைவிட மூத்தவை. மேல்கூடு மட்டும்தான் பழையது. உள்ளே இருப்பது எங்கிருந்தாவது கழற்றி வந்ததாக இருக்கும். ஓரெஸ்தேயின் வண்டியில் இருந்த பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய லாரியின் டீசல் எஞ்சினை உட்கார வைத்தவனே நான்தான். பெட்ரோல் டாங்கியையும் அன்றைக்கே எடுத்துவிட்டோம். பின்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கேன், அதில் டீசல், அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான். அந்த வண்டியில் பெட்ரோல் ஒழுக இடமே கிடையாது.

ஆனாலும் கதவைத் திறந்ததும் வாசனை மூக்கைத் துளைத்தது. டீசல் வாடை பிசுபிசுவென்று இருக்கும். இது கூர்மையாக இருந்தது. பச்சைப் பெட்ரோல்.

ஓரெஸ்தே கடைத்தெருவுக்குக் காபி வாங்கப் போனான்; அங்கே வரிசையில் நின்று வாங்கிவர மதியம் ஆகிவிடும். நான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். இந்த வேலையில் மூக்குதான் முதல் கருவி. பெட்ரோல் ஆவி கனமானது, தரையைத் தேடிப் போய்த் தங்கும். அதனால் முதலில் குனிந்து மிதியடிகளை முகர்ந்தேன். ரப்பரும் மண்ணும் பயணிகளின் கால் வியர்வையும்தான் தெரிந்தன. இருக்கைக்கு அடியிலும் ஒன்றுமில்லை. பின்பெட்டிப் பக்கம் தலையைத் திருப்பினால் வாசனை குறைந்தது.

நிமிர்ந்தபோதுதான் அது முகத்தில் அடித்தது.

பின் இருக்கைக்கு மாறினேன். அங்கிருந்து கவனித்தபோது வாசனை முன்னால் இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்.

அது வந்தது. போனது.

மறுபடி வந்தது. போனது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அதே கணக்கில் நானும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நெரெய்தா அங்கேயே நின்றிருந்தாள்.

"ஒழுகுதா?" என்றாள் மெதுவாக.

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஒழுகுதுன்னு சொல்லு எலியோ. ஒரு குழாய், ஒரு ஓட்டை, ஏதாவது ஒண்ணைக் கண்டுபிடிச்சுச் சொல்லு. ஒழுகலன்னா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. அவர்கள் இருவரின் மகன் யாரியெலுக்கு நான் ஞானத்தகப்பன்.

யாரியெல் நாட்டை விட்டு அக்கரைக்குத் தப்பிக் கடலில் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவனும் மூன்று நண்பர்களும், தகரத்தை வளைத்து அவர்களே செய்த ஒரு படகு. அதை ஓட்ட, வீட்டு முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சினைத் துடைத்து எடுத்துக்கொண்டார்கள். இந்த செவர்லேயிலிருந்து நான் கழற்றிப் போட்ட அதே எஞ்சின். பெட்ரோலை அவன் மாதக்கணக்கில் சேர்த்தான். கண்ட வண்டியிலும் ரப்பர் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, சொட்டுச் சொட்டாகக் கேனில் நிரப்பினான். அந்த நாட்களில் அவன் பேசினாலே பெட்ரோல் மணக்கும். "முத்தம் கொடுக்க வராதடா, எனக்குத் தலை சுத்துது," என்று நெரெய்தா அவனைத் தள்ளிவிடுவாள். எதற்குச் சேர்க்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லாமலேயே போய்விட்டான்.

அக்கரை சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் முதலில் அம்மாவிடம்தான் போனில் பேசுவார்கள். யாரியெல் பேசவில்லை. மற்ற மூன்று பேரும் பேசவில்லை. நெரெய்தா மட்டும் தினமும் ரேஷன் ரொட்டியில் அவன் பங்கையும் வாங்கி வருகிறாள். ஏதோ ஒரு தீவில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பாள். உடல் வராத வரைக்கும் பெற்ற வயிறு நம்பத்தான் செய்யும். அதைக் குறைசொல்ல நான் யார்?

அதனால் மறுபடி தேடினேன். இந்த முறை வண்டிக்காக இல்லை, அவளுக்காக. இருக்கைகளைக் கழற்றி வெயிலில் போட்டேன். கதவு அட்டைகளைப் பிரித்தேன். டாங்கி இருந்த காலத்துச் செம்புக் குழாய் ஒன்று வண்டிக்கு அடியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதில்தான் மிச்சம் தங்கியிருக்க வேண்டும். ஒரு முனையில் வாயை வைத்து ஊதினேன்.

மறுமுனையில் தூசியும் செத்த குளவிகளும் கொட்டின.

இனி தேட இடமில்லை. பட்டறை மூலையில் கிடந்த ஒரு எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு போய் நெரெய்தாவிடம் நீட்டினேன்.

"இதான். சீட்டுக்கு அடியில சுருண்டு கிடந்துச்சு. எவனோ பெட்ரோல்ல தொடச்சுட்டுப் போட்டிருக்கான்."

அவள் அதை வாங்கி முகர்ந்தாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டறையில் பெட்ரோல் பட்ட துணிக்கு நான் எங்கே போவேன்?

"இது டீசல்," என்றாள். குரலில் கோபமே இல்லை. "அவன் சட்டையைத் துவைச்சவ நான். எனக்குத் தெரியாதா?"

வெறும் தரைத் தகடாக நின்ற வண்டிக்குள் ஓட்டுநர் இருக்கையை மட்டும் திரும்பப் பொருத்தச் சொன்னாள். பொருத்தினேன். அவள் ஏறி, அதன் பக்கத்தில் தகட்டின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கண்களை மூடி, ஆழமாக மூச்சை இழுத்தாள். அவள் முகம் உடைந்ததை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று இன்றுவரை நினைக்கிறேன்.

"ஒரு கிளாஸ் தண்ணி கொண்டா, எலியோ."

வெயிலுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. ஸ்டீயரிங்குக்கு முன்னால், கண்ணாடியை ஒட்டிய தட்டையான இடத்தில் அதை வைத்தாள்.

எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்குத்தான் அப்படித் தண்ணீர் வைப்பது. இரண்டு வருடமாக ஊர்ப் பெண்கள் எவ்வளவோ சொல்லியும் நெரெய்தா தன் மகனுக்கு அதை வைத்ததில்லை.

காபியோடு திரும்பிய ஓரெஸ்தே அந்தக் கிளாஸைப் பார்த்துவிட்டான்.

"எடு அதை," என்று வண்டியை நெருங்கினான். "அவன் செத்துட்டான்னு உனக்கு யார் சொன்னா?"

"அவன்தான் சொல்றான். இத்தனை நாளா பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டுதான் இருக்கான். நாமதான் ஒழுகுதா, ஒழுகுதான்னு தேடிக்கிட்டு இருந்தோம்."

ஓரெஸ்தே ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான்.

கிளாஸில் தண்ணீர் அசைந்தது.

எஞ்சின் ஓடவில்லை. தெருவில் ஒரு மாட்டு வண்டிகூடப் போகவில்லை.

பிறகு தண்ணீர் குறைந்தது.

சிந்தவில்லை. விரிசல் இல்லை. கொஞ்சம் குறைந்து நின்றது. மறுபடி குறைந்தது. மிடறு மிடறாக, அவசரமாக, கடைசிச் சொட்டு வரைக்கும்.

ஓரெஸ்தே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வருடமாக அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோதெல்லாம் நாங்கள் பேசியது பெட்ரோலைப் பற்றித்தான். எத்தனை கேன் எடுத்துப்போனார்கள், எத்தனை தூரத்துக்கு வரும், அக்கரை வரை காணுமா என்று. தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மெக்கானிக்கான நானும் கேட்கவில்லை, பெற்றவனும் கேட்கவில்லை.

நெரெய்தா காலிக் கிளாஸை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். அதன் விளிம்பில் பெட்ரோல் மணத்தது.

"இன்னும் கேக்குறான், எலியோ," என்றாள். "குடத்தோட கொண்டா."