2217-ஐக் கொன்றது யார்?

"ஐயய்யோ...!"

அலறல் கேட்டபோது மணி காலை எட்டு ஏழு.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை. ரோஸ்கில்டே நகருக்கு வெளியே இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அப்போதுதான் காபி இறங்கிக்கொண்டிருந்தது.

அலறியவள் கீடா.

வயது அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடமாக அங்கே வேலை. ஒருமுறை காலில் அமிலம் கொட்டியபோதுகூட, "புது ஷூ போச்சே" என்று மட்டும்தான் சொன்னாள்.

இன்று அலறினாள்!

பூஞ்சைகளை வளர்க்கும் சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரின் மூன்றாம் அடுக்கு காலி.

2217-ஐக் காணோம்!

2217 ஒரு பூஞ்சை. சாதாரணப் பூஞ்சை என்று நினைத்துவிடாதீர்கள். வைக்கோலைச் சர்க்கரையாக உடைக்கும் என்சைமைச் சுரப்பது எது என்று மூன்று வருடம், நாலாயிரம் பூஞ்சைகளைச் சலித்துக் கீடா பொறுக்கியெடுத்த மகாராணி அது. தாவர நார்த்தூள் கலந்த வட்டத் தட்டில் ஒவ்வொன்றையும் வளர்ப்பாள். சுற்றியுள்ள தூளைத் தின்று எது பெரிய வளையம் போடுகிறதோ, அது பாஸ். மற்றதெல்லாம் குப்பைக்கூடை.

2217 போட்ட வளையம் தட்டின் விளிம்பையே தொட்டது!

பதினொரு மணிக்கு, இந்த ஆராய்ச்சிக்குப் பணம் போடும் வைக்கோல் கூட்டுறவுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். காட்டுவதற்குப் பூஞ்சை இல்லையென்றால், இன்றோடு பூஞ்சைப் பிரிவுக்குப் பூட்டு.

பத்து மணிக்குப் போலீஸ் வந்தது. பெயர் எப்பே. ஆறரை அடி உயரம். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"போதைக் காளானா?" என்றார் ஆவலாக.

"இல்ல. வைக்கோல் திங்கிற பூஞ்சை."

ஆவல் வடிந்துவிட்டது.

"அதை எவன் திருடுவான்? மாடா?"

கீடா முறைத்தாள்.

"சரி, சரி... இன்குபேட்டர் சாவி யார்கிட்ட?"

"ஆணியில தொங்கும்."

"ஆணி எங்க?"

"இன்குபேட்டர் பக்கத்துலயே."

எப்பே பேனாவை மூடி, ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி திறந்தார்.

"ஒரு நகல் எடுத்து ஃப்ரீசர்ல வெச்சிருப்பீங்கல்ல?"

கீடா தரையைப் பார்த்தாள்.

"மூணு தடவை அதே அளவு வளையம் போட்டாத்தான் ஃப்ரீசர்ல வைப்பேன். அது என் வழக்கம். மூணாவது வளையம் போன புதன்கிழமை மத்தியானம் வந்துச்சு..."

"அப்பவே வெச்சிருக்கலாமே?"

"இங்கேயே நடந்த ஈஸ்டர் விருந்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீன் இருந்துச்சு..."

"ஒரு மீனுக்காகவா?"

"நாலு மீன்."

மூன்று வருட உழைப்பு, நாலு மீனில் போயிற்று!

"வேற ஏதாவது காணோமா?"

"அதுக்கு அடியில இருந்த 908. அது குப்பைக்குப் போக வேண்டிய தட்டு. பச்சைப் பசேல்னு குண்டா வளந்துச்சே தவிர, வளையம் பட்டாணி அளவுகூட இல்ல. தேங்காய்க் கேக் மாதிரி வாசனை மட்டும் அடிக்கும்."

அப்போது கதவு திறந்தது.

ப்ரேபன்! பாக்டீரியாப் பிரிவின் தலைவன். கையில் காபி. முகத்தில் சோகம்... உதட்டில் மட்டும் சிரிப்பு.

"கேள்விப்பட்டேன், கீடா. மனசே ஆறல. ஒண்ணு பண்ணு, பதினோரு மணிக்கு வர்றவங்களை என் பாக்டீரியாகிட்ட அனுப்பிடு."

"உன் பாக்டீரியாவுக்கு வைக்கோலைக் காட்டினா வயித்துப்போக்குதான் வரும்."

"உன் பூஞ்சை கால் முளைச்சு ஓடிருச்சே! அதுக்கு இது தேவலை."

எப்பே மூக்கை உயர்த்தினார்.

"ஆகா... யாரோ தேங்காய்க் கேக் கொண்டாந்திருக்கீங்க!"

கீடா சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தாள். எந்த நாளில் யார் கேக் கொண்டு வரவேண்டும் என்ற பட்டியல்.

"ப்ரேபன்... இன்னிக்குக் கேக் உன் முறை."

"அடச்சே! மறந்தே போச்சு!"

அறையே உறைந்தது. அந்த ஊரில் கொலை செய்தவனைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவார்கள். கேக் முறையை மறந்தவனை மன்னிக்கவே மாட்டார்கள்.

ஆனால் கீடாவின் மூளையில் ஓடியது வேறு.

கேக் இல்லை... அப்படியானால் வாசனை எங்கிருந்து?

அவள் ப்ரேபனைச் சுற்றி வந்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றாள்.

"என்ன, நாய் மாதிரி மோந்து பாக்கற?"

"உக்காரு, ப்ரேபன்."

"எதுக்கு?"

"உக்காந்து எந்திரி."

"பைத்தியமா உனக்கு?"

"உக்காருங்களேன்" என்றார் எப்பே.

உட்கார்ந்தான். எழுந்தான்.

டர்ர்ர்ர்...!

ப்ரேபன் எழுந்துவிட்டான். ஜீன்ஸின் பின்பாதி நாற்காலியிலேயே இருந்தது!

பச்சைப் பொடி புகைபோல் கிளம்பியது. கமகமவென்று தேங்காய் வாசனை.

"908!" என்று கத்தினாள் கீடா. "உன் பின்பாக்கெட்ல என் 908 என்ன பண்ணுது?"

ப்ரேபன் காபிக் கோப்பையால் பின்பக்கத்தை மறைக்கப் பார்த்தான். போதவில்லை.

"நான்... 2217-ஐத்தான் எடுக்க நெனச்சேன். ரெண்டு தட்டும் ஒட்டிட்டு வந்துச்சு. அப்படியே பாக்கெட்ல சொருகிட்டு விருந்துல உக்காந்தேன். அடித்தட்டு நொறுங்கிருச்சு..."

"ஜீன்ஸைத் துவைக்கலையா?"

"மேல பீர் வேற கொட்டிருச்சு. சைக்கிள் உடுப்பு மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஜீன்ஸ் அஞ்சு நாளா இங்க என் அலமாரியில, வெந்நீர்க் குழாய் மேல கெடந்துச்சு. காலையில அவசரத்துல மாட்டினேன்..."

"2217 எங்கடா?"

"கிருமி கொல்ற நீராவிப் பெட்டியில... வேக வெச்சுட்டேன்."

கீடா தொப்பென்று உட்கார்ந்தாள். திருடன் கிடைத்துவிட்டான். மகாராணி செத்துப்போனாள். மணி பத்து ஐம்பது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் கிடந்த துணியை எடுத்தாள். விரல் பட்டதும் அது அப்பளம்போல் நொறுங்கியது.

அவள் கை நின்றது.

"எப்பே... அஞ்சே நாள்!"

"என்ன அஞ்சு நாள்?"

"2217-ஐ ஒருதடவை பருத்தித் துணியில விட்டுப் பாத்தேன். பத்து நாள்ல ஒரு நூலைக்கூட அசைக்கல. 908 அஞ்சே நாள்ல ஜீன்ஸையே தின்னுருச்சு! நான் பரீட்சை வெச்சது மாவா அரைச்ச தூள்ல! கஞ்சி குடிக்கிற போட்டி வெச்சு, கல்லு மாதிரி காஞ்ச ரொட்டியைக் கடிக்கிறவனைத் தோக்கடிச்சிருக்கேன்! வைக்கோல் கஞ்சி இல்லையே... காஞ்ச ரொட்டியாச்சே!"

துள்ளி எழுந்தாள்.

"ப்ரேபன், கழட்டு!"

"என்னத்தை?"

"மிச்ச ஜீன்ஸை!"

மணி பதினொன்று. கதவு திறந்தது. வைக்கோல் கூட்டுறவுக்காரர்கள் நாலு பேர். முன்னால் நின்றவர் லௌஸ்ட், எழுபது வயது விவசாயி. உள்ளே தேசியக்கொடி போட்ட ஜட்டியோடு ஒருவன், அவன் ஜீன்ஸைப் பிடித்து இழுக்கும் ஒரு கிழவி, ஒரு போலீஸ்காரர்.

"நாங்க வேணா அப்புறமா வரட்டுமா?" என்றார் லௌஸ்ட்.

"வேணாம், வாங்க! போன புதன்கிழமை இது முழு ஜீன்ஸ். தொட்டுப் பாருங்க."

லௌஸ்ட் கட்டைவிரலால் தேய்த்தார். துணி தூளாகக் கொட்டியது. கொட்டிய தூளையே வெகுநேரம் பார்த்தார்.

"வைக்கோலையும் இப்படித் தின்னுமா?"

"இன்னும் தெரியாது. ஆறு வாரம் குடுங்க, காட்டறேன்."

"எட்டு எடுத்துக்க. அதுவரைக்கும் இந்தப் பிரிவை யாரும் மூடக் கூடாதுன்னு மேல சொல்லிடறேன்." லௌஸ்ட் ப்ரேபனைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, நாலாயிரத்துல இதைப் பொறுக்கினது யாரு?"

கீடாவுக்குப் பொய் வராது.

"நான் குப்பைன்னு ஒதுக்கினேன். இவன் திருடி, மேல உக்காந்து, எனக்குப் பரீட்சை வெக்கக் கத்துக்குடுத்தான்."

எப்பே ப்ரேபனின் தோளைத் தட்டினார். தடயமாக ஒரு பேன்ட் காலை வாங்கி, ஒரு காகிதப் பையைப் பிரித்தார்.

"காகிதமா!" என்று பதறினாள் கீடா. "ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள பையைத் தின்னுட்டு, உங்க ரிப்போர்ட்டுக்கும் வாயைத் திறக்கும்! பிளாஸ்டிக்ல போடுங்க!"

"வேற ஏதாவது?"

"போற வழியில பேக்கரியில வண்டிய நிறுத்துங்க. கைதுன்னாலும் கேக் இவன் முறைதான்!"